இனிய நினைவும் நேரிய சாட்சியும்

அரபு மொழியில் மனிதனை ‘இன்ஸான்’ என்பார்கள். இச்சொல் எந்த வேரிலிருந்து முளைத்தது என்பதில் பழைய இலக்கண ஆசிரியர்களிடையே ஒரு வழக்கு உண்டு. பழகுதல், நேசங்கொள்ளுதல் என்று பொருள்படும் ‘உன்ஸ்’ என்னும் வேரிலிருந்து அது பிறந்தது என்பது பஸரா நகரத்து இலக்கணிகளின் கட்சி. மறதி என்று பொருள்படும் ‘நிஸ்யான்’ என்பதே அதன் மூலம் என்பது கூஃபா நகரத்தாரின் கட்சி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தை மதரஸாவில் நடத்தி வருகிறேன். இரு தரப்பின் ஆதாரங்களையும் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்கள் படியெடுத்துக் கொள்வார்கள். பாடம் அத்துடன் முடியும். அது இலக்கணத்தோடு முடிகின்ற வழக்கன்று என்பது, சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் செண்பகத்தோப்பில் ஒரு மாமரத்தடியில் அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

செண்பகத்தோப்பை நம் வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். மாவும் தென்னையும் புளியும் அடர்ந்த தோப்புகள் ஒரு புறம். அவற்றைத் தாண்டினால் பளியர் குடியிருப்பும் காடும். சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. வாலும் உடலும் ஏறக்குறைய ஒரே நீளம் கொண்ட அந்தப் பெரிய அணில், தரையில் இறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை தாவியே தன் வாழ்நாளைக் கழிக்கும். காட்டுக்கு இப்பால் ஒரு தோப்பில் நாங்கள் இருந்தோம். என் உடன்பிறந்தார் நால்வர், மாமு மக்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என முப்பது பேருக்குக் குறையாத கூட்டம். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். மாம்பழக் காலம் முடியும் தறுவாய்.

உணவு முடிந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு கைபேசியோடு ஆளுக்கொரு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அதைக் கண்ட என் அக்கா பெருமூச்சு விட்டு, “நம்ம காலத்துல ஒரே பெட்டி. அதுக்கு முன்னால எத்தனை பேர் உக்காந்திருந்தோம்!” என்றார். அவ்வளவுதான், பேச்சு இராசபாளையத்து நன்னி வீட்டுக்குப் போய்விட்டது.

மாமு ரியாதிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கறுப்பு வெள்ளை டயனோரா அது. இரு பக்கமும் இழுத்து மூடும் மரக்கதவும், அதற்குப் பூட்டும் சாவியும் உண்டு. சாவி நன்னியின் இடுப்பில் இருக்கும். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிவிட்டதாயினும், எங்கள் ஊர்ப் பக்கத்திற்கு அதன் ஒளி உடனே எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான் எங்களுக்கு முதலில் தெரிந்தது. சிங்களம் பேசுகின்ற கேலிச்சித்திரப் பூனைகளையும் முயல்களையும், ஒரு சொல்லும் விளங்காமல், விழுந்து விழுந்து சிரித்தபடி பார்த்தோம். கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பின்னரே தூர்தர்ஷன் துலங்கியது.

தமிழில் எங்களுக்கென்று வந்தது ‘கண்மணிப் பூங்கா’. இந்தியில் வந்தவற்றுள் இரண்டு எங்களுக்கு உயிர். ஒன்று, 1985இல் தொடங்கிய விக்கிரமாதித்தனும் வேதாளமும். மற்றொன்று ‘மால்குடி டேஸ்’. 1986–87 காலத்தில் சங்கர் நாக் இயக்கி எடுத்த தொடர். அதில் சுவாமி என்னும் சிறுவனாக மஞ்சுநாத்தும், அவனுடைய கண்டிப்பான தகப்பனாராகக் கிரீஷ் கர்னாடும் நடித்தார்கள். எல். வைத்தியநாதன் அமைத்த அதன் முகப்பு இசை இன்றும் பலர் வாயில் முணுமுணுப்பாக இருக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஆர். கே. நாராயண் 1935இல் ஆங்கில நாவலில் படைத்த சிறுவன், இந்தி பேசிக்கொண்டு தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தான். எங்களில் எவருக்கும் இந்தி தெரியாது. நன்னிக்கும் தெரியாது. ஆனால் நன்னி கதை சொல்வார்! திரையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே, “வாப்பன் திட்டிப்புட்டான், பயல் கோவிச்சுக்கிட்டுப் போறான், பாட்டிக்காரி தேடுறா” என்று அவராகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு போவார். அதுவே எங்களுக்கு மால்குடியின் கதை. பிற்காலத்தில் நாவலைப் படித்தபோது நன்னியின் கதை எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றியது.

தொலைக்காட்சி கூடுமா கூடாதா என்று அக்காலத்தில் நம் ஊர்களில் நடந்த விவாதத்தை இங்கே நான் கிளறப் போவதில்லை. அத்தா அதைப் பார்த்ததில்லை. பார்க்காதே என்று எங்களைத் தடுத்ததும் இல்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். பாங்கொலி கேட்டால் நன்னி பெட்டியை அணைத்துவிடுவார். கதையின் நடுவே அணைந்தாலும் எவரும் மூச்சுவிட மாட்டோம்.

செண்பகத்தோப்பில் இவை ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தொடர்ந்தார். மொட்டை மாடியில் நீண்ட இரும்புக் குழாயில் கட்டிய ஆன்டெனாவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் காற்று அதைத் திருப்பிவிடும். படத்தில் உப்பு மழை பெய்யும். அப்போது ஒருவர் மாடியில் ஏறி அதைத் திருப்ப வேண்டும். “தெரியுதா?” என்று மேலிருந்து குரல் வரும், “தெரியலே, இன்னும் கொஞ்சம்” என்று கீழிருந்து நாங்கள் கத்துவோம். “ஏறுறதுக்குன்னே ஒரு பையன் இருப்பானே. கைப்பிடிச் சுவர் மேல நின்னு திருப்புவானே, குரங்குக்குட்டி மாதிரி!” என்று என் தம்பி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அந்தப் பையனின் பெயர் எவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அப்போது, எங்களுக்காக ஒரு கூடை மாம்பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்த தோப்புக் குத்தகைக்காரர், “அது நான்தான் அசரத்து” என்றார்.

என்னை ஒத்த வயதினர். எங்கள் தெருவில் குடியிருந்த பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். இத்தோப்புக்கு நாங்கள் வருவது அது மூன்றாவது முறை. மூன்று முறையும் அவரோடு பேசியிருக்கிறேன், பழம் வாங்கியிருக்கிறேன், முகத்தை அறிந்தேன் இல்லை. அவரோ எங்கள் ஒவ்வொருவரையும் அறிந்திருந்தார். என் அக்கா மகிழ்ச்சியோடு அவரை உட்காரச் சொன்னார். முகப்பு இசை எப்படித் தொடங்கும் என்று எங்களுக்குள் ஒரு தர்க்கம் எழுந்திருந்தது. அவர் ஒரு சுருதி பிசகாமல் அதை முனகிக் காட்டினார். “நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்களே!” என்றோம். “பாத்தது கொஞ்சம், கேட்டதுதான் ஜாஸ்தி” என்று சிரித்தார்.

பின்னர் விளக்கமும் சொன்னார். முதலில் சில வாரங்கள் ஜன்னலில் நின்று பார்த்தாராம். அப்புறம் ஜன்னல் பக்கம் வருவதில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டிலிருந்து வரும் ஓசையை மட்டும் கேட்பாராம். இசையும் சிரிப்பும் காலடிச் சத்தமும் அழுகையும் கேட்கும். அவற்றை வைத்துக்கொண்டு தாமாகவே ஒரு கதையைக் கட்டி, வீட்டுக்குப் போய்த் தம் தங்கைக்குச் சொல்வாராம். “தங்கச்சி ரொம்ப நாள் வரைக்கும் நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தா.”

எல்லோரும் அதையும் இரசித்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் அவர் ஜன்னல் பக்கம் வருவதை நிறுத்தினார் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று நன்னி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். சாவி என் கையில் இருந்தது. பள்ளித் தோழர் இருவரை அழைத்து வந்திருந்தேன். காற்று பலமாக இருந்தது. அந்தப் பையன்தான் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பி, படத்தைத் தெளிவாக்கி, இறங்கி வந்து வழக்கம்போல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் தோழர்களில் ஒருவன் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எனக்கு ஏதோ ஒரு கௌரவக் குறைவு. தெருவிளக்கின் வெளிச்சம் பெட்டியின் கண்ணாடியில் விழுகிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய், அவன் முகத்துக்கு நேரே ஜன்னல் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு காற்றடித்த நாட்களில் மாடியில் நான்தான் ஏறினேன். ஏன் அவன் வருவதில்லை என்று நன்னி இரண்டொரு முறை கேட்டார். தெரியாது என்றேன்.

வாசக நேயர்களே, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் ஒரு ஜன்னலைச் சாத்தியதை இத்தனை பெரிதாக்க வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வீடு திரும்பிய இரவில் எனக்கும் அப்படித் தோன்றியது. என் தரப்பு வாதங்களை நானே அடுக்கினேன்.

முதல் வாதம்: நான் அப்போது சிறுவன். பருவம் எய்தாதவனின் செயலை எழுதாமல் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது மார்க்கம் தந்த சலுகை. உண்மைதான். ஆனால் செண்பகத்தோப்பில் சிரித்துக்கொண்டு பழங்கதை பேசியவன் சிறுவன் அல்லன், ஐம்பதைக் கடந்தவன். ஜன்னலைச் சாத்தியது பிள்ளையின் செயல். அந்த ஜன்னல் இல்லாத ஒரு கதையை ஆண்டுதோறும் சொல்லி வந்தது பெரியவனின் செயல்.

இரண்டாம் வாதம்: மறந்துவிட்டேன், மறதி மன்னிக்கப்பட்டது. இதிலும் நம் சட்ட அறிஞர்கள் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார்கள். மறதி பாவத்தை நீக்கும்; ஈட்டை நீக்காது. பிறருடைய பாத்திரத்தை மறதியாக உடைத்தவன் குற்றவாளி ஆகமாட்டான். ஆனால் பாத்திரத்தின் விலையைக் கொடுத்தே தீர வேண்டும். இறைவனுக்கு உரிய கடமையில் மறதிக்குள்ள இடம், அடியார்களின் ஹக்கில் இல்லை. மேலும், நான் மெய்யாகவே மறந்திருந்தேனா? நன்னியின் கதைகளும், ரூபவாஹினியின் பூனையும், மரக்கதவின் கீச்சொலியும் நினைவில் இருக்க, இது ஒன்று மட்டும் எப்படி மறந்தது? நினைவு தனக்கு இனிய கிளைகளிலேயே தாவித் திரிகிறது, அந்த மலை அணிலைப் போல. கீழே தரை இருக்கிறது. அங்கே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். இறங்கினால் அல்லவா அவரைக் காண முடியும்?

மூன்றாம் வாதம் சற்று வலியது. தீமையை அன்றே மறந்துவிடுவது நன்று என்பது வள்ளுவப் பேராசான் காட்டிய நெறி அன்றோ? பழைய கசப்பை ஏன் கிளற வேண்டும்? இவ்வாதத்தை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். நன்மையை மறவாதே, தீமையை மறந்துவிடு என்னும் அறம், அவற்றைப் பெற்றுக்கொண்டவனை நோக்கிச் சொல்லப்பட்டது. செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்திலேயே அது அமைந்திருக்கிறது. செய்தவனுக்கு அதுவே அறமாகுமா? அவர் மறந்தால் அது பெருந்தன்மை. நான் மறந்தால், அவருடைய பெருந்தன்மையை நான் எடுத்து உடுத்திக்கொள்வதாகும்.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் ‘இஹ்யா’வில் அண்டை வீட்டாரின் உரிமைகளை விரித்துரைக்கும் இடத்தில் ஓர் அறிவிப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். பழம் வாங்கினால் அண்டை வீட்டாருக்கும் கொடு. கொடுக்க இயலாவிடில் மறைவாக வீட்டுக்குள் கொண்டுபோ. உன் பிள்ளை அதை வெளியே எடுத்துச் சென்று அவர் பிள்ளையை ஏங்க வைக்கவேண்டாம் என்பது அதன் கருத்து. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை வல்லார். எனினும் குழம்பு வைத்தால் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரை நினைவுகொள் என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்கும் அண்டை என்னும் உரிமை உண்டு என்பதையும் கஸ்ஸாலி அவர்கள் அங்கேயே வகுத்துக் கூறுகிறார்கள். நாங்களோ, பழத்தைத் தெருவில் வைத்து உண்டது மட்டுமன்று. அதை மரத்திலிருந்து பறித்துத் தரும்படி அண்டை வீட்டுப் பிள்ளையையே ஏவிவிட்டு, பிறகு கதவைச் சாத்தினோம்.

தமக்கும் தம் பெற்றோருக்கும் எதிராக இருந்தாலும் நீதியின் சாட்சியாக நிற்கும்படி திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. சாட்சி என்றால் நீதிமன்றக் கூண்டையே நாம் எண்ணுகிறோம். ஆனால் ஒரு குடும்பம் கூடி அமர்ந்து தன் பழைய நாட்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அதுவும் சாட்சியமே. கேட்கின்ற பிள்ளைகளுக்கு வேறு சாட்சி இல்லை. நன்னியின் வீடு எப்படிப்பட்டது, அங்கே யார் இருந்தார்கள் என்பதை எங்கள் வாயிலிருந்தே அவர்கள் அறிகிறார்கள். ‘ஏறுவதற்கென்றே ஒரு பையன்’ என்று அவர்கள் கேட்டுக்கொண்டால், இனிமையான வீடுகளில் அப்படி ஒரு பையன் பெயரில்லாமல் இருப்பது இயல்பு என்றும் கூடவே கற்றுக்கொள்கிறார்கள்.

அப்படியானால் இனிய நினைவுகளையே ஐயுற வேண்டுமா? இல்லை. நன்னியின் மடியும் கதையும் பொய்யல்ல. ஒரே பெட்டியின் முன் இருபது பேர் ஒன்றாகச் சிரித்தது பொய்யல்ல. இன்று ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனித் திரையோடு அமர்ந்திருப்பதைக் காணும்போது, அந்த ‘உன்ஸ்’ எத்துணைப் பெரிய அருள் என்று எனக்குத் தெரிகிறது. அந்த அருளுக்கு ஒரு கணக்கு உண்டு என்றுதான் சொல்கிறேன். ஒன்றாக அமர்ந்திருந்ததன் இன்பத்தை நினைக்கிறவன், அந்த வட்டத்துக்கு வெளியே யார் நின்றார் என்பதையும் சேர்த்து நினைக்கக் கடமைப்பட்டவன்.

எங்கள் சிறு பருவத்து வேதாளம் விக்கிரமாதித்தனுக்கு ஒரு நிபந்தனை விதிக்கும். விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை வெடித்துச் சிதறும். அதைக் கேட்டு நாங்கள் நடுங்குவோம். செண்பகத்தோப்பில் விடை தெரிந்தும் வாய் மூடி அமர்ந்திருந்தேன். தலை வெடிக்கவில்லை, ஆனால் பத்து நாள் ஒழுங்காக உறக்கம் இல்லை.

பதினோராம் நாள் ஜும்ஆ முடிந்ததும் பேருந்து பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, அங்கிருந்து ஓர் ஆட்டோவில் தோப்புக்குப் போனேன். அவர் தென்னை மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸலாமுக்குப் பதிலாக வழக்கம்போல் கையெடுத்துக் கும்பிட்டார். முன்கூட்டியே எண்ணி வைத்திருந்த வாசகங்கள் எதுவும் வாயில் வரவில்லை. “அன்னிக்கு அந்த ஜன்னலைச் சாத்தினது நான்தான்” என்றேன்.

“தெரியும் அசரத்து” என்றார் அவர்.

அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளாக எங்களுக்குப் பொறுக்கி எடுத்துப் பழம் கொடுத்தவர், எல்லாம் தெரிந்தே கொடுத்திருக்கிறார். மன்னிக்கும்படி கேட்டேன். அவர் கூச்சத்தோடு கையை அசைத்து, பேச்சை வேறு பக்கம் திருப்பினார். சிறிது நேரம் கழித்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“அன்னிக்கு நீங்க சாத்துறப்போ உள்ள ஒரு பையன் அழுதுக்கிட்டிருந்தான். சுவாமியா, வேற யாருமான்னு தெரியலே. எதுக்கு அழுதான், அசரத்து?”

நான் யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். தெருவிளக்கு நினைவிருந்தது, ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் நினைவிருந்தன, தாழ்ப்பாளின் ஓசை நினைவிருந்தது. எவனுடைய கண்ணிலிருந்து மறைத்து நான் மட்டும் பார்க்கவேண்டும் என்று அதைச் சாத்தினேனோ, அந்தக் கதை எனக்குத் துளியும் நினைவில்லை.

இல்லை என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். “நானா ஒண்ணு கட்டி வச்சிருந்தேன். தங்கச்சிக்கு ரொம்பப் புடிக்கும்” என்றார். சொல்லுங்கள் என்றேன். மாமரத்தடியில் துண்டை விரித்தார். இருவரும் அமர்ந்தோம். அவர் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த பெருநாளுக்குக் குடும்பம் அங்கே கூடும்போது, அந்தக் கதையை அவர் வாயாலேயே பிள்ளைகளுக்குச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். ஜன்னலின் கதையை நான் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பழகவும் மறக்கவும் இயல்பு கொண்ட மனிதர்களாகிய நமக்கு, நினைப்பதிலும் நீதி செய்யும் நெஞ்சை வல்ல அல்லாஹ் அருள்வானாக.